ஜேனிஸ் ஜாப்ளின்: மேடையில் புயல், வீட்டுக்குக் கடிதம் எழுதிய மகள்

27 வயதில் இறந்துபோன இசைக்கலைஞர்கள் என்று ஒரு பட்டியல் உங்கள் திறன்பேசியில் எப்போதாவது வந்திருக்கும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜிம் மோரிசன், கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ்... அந்த வரிசையில் கலைந்த முடி, பெரிய வட்டக் கண்ணாடி, கழுத்து நிறைய மணிமாலை என்று சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணையும் பார்த்திருப்பீர்கள். அவர்தான் ஜேனிஸ் ஜாப்ளின்.

பெயர் தெரியும். பாட்டு? 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' ஏதாவது ஒரு படத்தில் காதில் விழுந்திருக்கலாம். வாழ்க்கை? போதைப்பொருளால் அழிந்துபோனார். பெரும்பாலோர் அதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அதோடு நிறுத்தாத ஆவணப்படம் ஒன்று இருக்கிறது. 'ஜேனிஸ்: லிட்டில் கேர்ள் புளூ'. இயக்கியவர் ஏமி பெர்க். 2015ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. பழைய மேடைக் காட்சிகள், உடன் வாசித்தவர்களின் பேட்டிகள் எல்லாம் இதுபோன்ற படங்களில் வழக்கமாக வருவதுதான். இதில் கூடுதலாக ஜேனிஸ் தம் பெற்றோருக்கு எழுதிய கடிதங்களும் வருகின்றன. கேட் பவர் என்ற பெயரில் பாடும் ஷான் மார்ஷல் அவற்றை வாசிக்கிறார்.

திரையில் தொண்டை கிழியக் கத்திப் பாடும் பெண். பின்னணியில், அம்மா அப்பாவுக்குக் கணக்கு ஒப்புவிக்கும் மகள். எவ்வளவு சம்பாதிக்கிறேன், என்ன உடை வாங்கினேன், பத்திரிகையில் என்ன எழுதினார்கள், என் நாய் எப்படி இருக்கிறது. இரண்டும் ஒருவர்தான் என்று நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

எண்ணெய் நகரத்துப் பெண்

ஜேனிஸ் 1943 ஜனவரி 19ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள போர்ட் ஆர்தரில் பிறந்தார். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஊர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள்தான் அதன் அடையாளம். அப்பா டெக்சகோ எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளர். அம்மா கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தார். ஜேனிஸ் மூத்தவர். பின்னால் ஒரு தங்கை, ஒரு தம்பி. கஷ்டப்பட்ட குடும்பம் இல்லை. புத்தகம், ஓவியம், தேவாலயப் பாடகர் குழு என்று வளர்ந்த பிள்ளை.

பதின்ம வயதில் எல்லாம் மாறியது. உடல் எடை கூடியது, முகமெல்லாம் பரு. அந்தக் காலத்து டெக்சஸில் ஒரு பெண் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு அச்சு இருந்தது. ஜேனிஸ் அதில் அடங்கவில்லை. அடங்கவும் முயலவில்லை. பையன்களோடு சேர்ந்து சுற்றினார், சத்தமாகச் சிரித்தார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அப்போது அங்கே வெள்ளையர் பள்ளி வேறு, கறுப்பினத்தவர் பள்ளி வேறு. இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தால் என்ன என்று வெளிப்படையாகக் கேட்டவர் ஜேனிஸ். அதற்காகவே அவரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். நடைபாதையில் போகும்போது கேலி, பொருளை எறிவது... பள்ளியில் தனித்து விடப்பட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால் மேலும் விளக்கத் தேவையில்லை.

அதே காலத்தில்தான் நண்பர்கள் வழியாக பெசி ஸ்மித், லெட் பெலி, ஒடெட்டா ஆகியோரின் இசைத்தட்டுகள் அவருக்குக் கிடைத்தன. கறுப்பினத்தவரின் புளூஸ், நாட்டுப்புறப் பாடல்கள். ஒருநாள் ஒடெட்டாவைப் போலப் பாடிக்காட்டினார். அச்சு அசல் அப்படியே இருந்தது. தமக்கு ஒரு குரல் இருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. வார இறுதிகளில் எல்லை தாண்டி லூசியானாவின் மதுக்கூடங்களுக்குப் போய் அங்கே வாசிக்கும் குழுக்களைக் கேட்டார்கள்.

1962இல் ஆஸ்டின் நகருக்குப் போனார், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படிக்க. பழைய பெட்ரோல் நிலையம் ஒன்றில் நடந்துவந்த திரெட்கில்ஸ் மதுக்கூடத்தில் பாடத் தொடங்கினார். கேட்டவர்களுக்குப் பிடித்தது. ஆனால் வளாகத்தில்? அங்கே நிதி திரட்டுவதற்காக ஒரு போட்டி நடக்கும். வளாகத்தின் மிக அசிங்கமான ஆண் யார் என்று வாக்களிக்கவேண்டும். யாரோ ஜேனிஸின் பெயரை அதில் சேர்த்துவிட்டார்கள்.

வெளியே அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அது அவரை நொறுக்கிவிட்டது என்றுதான் நெருங்கிய நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1963 ஜனவரியில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வழியில் வரும் வாகனங்களைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பினார்.

ஒருமுறை திரும்பி வந்தார்

பலருக்கும் தெரியாத பகுதி இது. ஜேனிஸ் முதல் முயற்சியில் நட்சத்திரம் ஆகவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கு முதலில் கிடைத்தது மெத்தம்ஃபெட்டமைன்தான். உடல் எடை 40 கிலோவுக்குப் பக்கமாக இறங்கியது. பயந்துபோன நண்பர்கள் பேருந்துக்குப் பணம் திரட்டி 1965இல் அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

போர்ட் ஆர்தருக்குத் திரும்பியவர் வேறு ஆள். முடியைக் கொண்டையாகப் போட்டுக்கொண்டார். கல்லூரியில் சமூகவியல் படித்தார். போதைப்பொருள் இல்லை, குடியும் இல்லை. ஒருவருடன் திருமணம் பேசி, அம்மாவோடு சேர்ந்து திருமண ஏற்பாடுகளைக்கூட ஆரம்பித்தார். அந்த நபர் வரவில்லை.

ஏறக்குறைய ஓராண்டு நல்ல பிள்ளையாக இருந்து பார்த்தார். முழு மனதோடுதான் முயன்றார். ஆனால் பாடாமல் இருக்க முடியவில்லை. 1966இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து அழைப்பு வந்தது. பிக் பிரதர் அண்ட் த ஹோல்டிங் கம்பெனி என்ற குழு பாடகியைத் தேடிக்கொண்டிருந்தது. பெற்றோரிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டார். போய்ச் சேர்ந்த பிறகுதான் கடிதம் எழுதினார்.

ஆவணப்படத்தில் என்னை உலுக்கிய இடம் அந்தக் கடிதம்தான். மன்னிப்புக் கேட்கிறார். இது வேலைக்கு ஆகாவிட்டால் திரும்பி வந்து படிக்கிறேன் என்கிறார். தம்மைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறார். வேலையை விட்டுவிட்டு இசைக்கோ நடிப்புக்கோ போகிறேன் என்று வீட்டில் சொல்ல முடியாமல் தவித்த யாருக்கும் அந்தத் தொனி புரியும்.

ஒரே மாலையில் மாறிய வாழ்க்கை

1967 ஜூன். கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரில் 3 நாள் இசைவிழா. பிக் பிரதர் குழுவை வெளியில் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை பிற்பகலில் பாடினார்கள். பென்னிபேக்கர் என்ற இயக்குநர் விழாவைப் படமாக்கிக்கொண்டிருந்தார். ஆனால் குழுவின் நிர்வாகி, படம் எடுக்க அனுமதிக்கவில்லை. ஆகவே அந்த நிகழ்ச்சி பதிவாகவில்லை.

பார்த்தவர்கள் விடுவார்களா? ஏற்பாட்டாளர்கள் மறுநாள் மீண்டும் ஒருமுறை மேடை தந்தார்கள், கேமராவுக்காகவே. அன்று அவர் பாடிய 'பால் அண்ட் செயின்' காணொளியை இப்போதே தேடிப் பாருங்கள். மெதுவாக, ஏறக்குறைய முணுமுணுப்பாக ஆரம்பிக்கும். பிறகு குரல் உடையும், கரகரக்கும், ஒரே மூச்சில் இரண்டு சுரங்கள் சேர்ந்து வருவதுபோல இருக்கும். கூட்டத்தில் அமர்ந்திருந்த பாடகி காஸ் எலியட் வாயைப் பிளந்து பார்ப்பதும் படத்தில் இருக்கிறது. புகழ்பெற்ற 'மாமாஸ் அண்ட் த பாப்பாஸ்' குழுவைச் சேர்ந்தவர் அவர். பாட்டு முடிந்ததும் ஜேனிஸ் சிறுபிள்ளைபோலத் துள்ளிக் குதித்துக்கொண்டு மேடையைவிட்டு ஓடுவார்.

ஒரு கொசுறுத் தகவல்: அதே ஞாயிறு பிற்பகலில் அதே விழாவில் சில மணி நேரம் சித்தார் வாசித்தவர் பண்டிட் ரவிசங்கர்.

அதன் பிறகு எல்லாம் வேகம். பாப் டிலனின் நிர்வாகி ஆல்பர்ட் கிராஸ்மன் இவர்களுக்கும் நிர்வாகி ஆனார். கொலம்பியா நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 1968 ஆகஸ்டில் வந்த 'சீப் த்ரில்ஸ்' இசைத்தொகுப்பு 8 வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' அதில்தான் இருக்கிறது. பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி வீட்டுக்கு அனுப்பினார் ஜேனிஸ். பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று கேட்பதுபோல.

கடன் யாருக்கு?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 'பால் அண்ட் செயின்' பாடலை எழுதியவர் பிக் மாமா தார்ன்டன். 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' பாடலை முதலில் பதிவுசெய்தவர் எர்மா ஃபிராங்க்ளின், அரீத்தாவின் அக்கா. இருவரும் கறுப்பினப் பெண்கள். அவர்கள் பாடியபோது கிடைக்காத அளவு கவனம், ஒரு வெள்ளையினப் பெண் பாடியபோது கிடைத்தது. இது ஜேனிஸின் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவருடைய புகழைப் பேசும்போது இதை விட்டுவிடவும் முடியாது.

ஜேனிஸ் அதை மறைத்தவர் அல்லர். யாரிடம் கற்றார் என்பதைக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பெசி ஸ்மித் 1937இல் இறந்தவர். ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே இருந்த அவருடைய கல்லறையில் 30 ஆண்டுக்கும் மேலாகப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. 1970 ஆகஸ்டில் அங்கே கல் நாட்டப்பட்டது. செலவைப் பகிர்ந்துகொண்டவர்கள் இருவர். ஒருவர் ஜுவனிட்டா கிரீன், சிறுவயதில் பெசியின் வீட்டில் தரை துடைத்தவர். மற்றவர் ஜேனிஸ்.

கல் நாட்டி இரண்டு மாதம்கூட அவர் உயிரோடு இருக்கவில்லை.

எது சரிவு?

ராக் நட்சத்திரங்களைப் பற்றிய படங்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. முதல் பாதி ஏற்றம், இரண்டாம் பாதி இறக்கம். ஜேனிஸின் கதையை அப்படிச் சொல்வது சுலபம். ஆனால் நடந்தது அப்படி இல்லை.

இறக்கம் இருந்தது உண்மை. 1968 இறுதியில் பிக் பிரதர் குழுவை விட்டு விலகினார். அவருடைய குரலுக்கு அந்தக் குழு ஈடுகொடுக்கவில்லை என்று விமர்சகர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்த ஆட்கள் அவருக்குக் குடும்பம் மாதிரி. புதிய குழு, கொம்பு வாத்தியங்கள், சோல் இசை. சில வாரங்கள் மட்டும் ஒத்திகை பார்த்துவிட்டு மெம்ஃபிஸ் நகரில் போய்ப் பாடினார். சோல் இசையின் தலைநகரில், அந்த ஊர்க் கலைஞர்களோடு ஒரே மேடையில்! கூட்டம் கைதட்டவே யோசித்தது.

1969 முழுக்க ஹெராயின் கூடவே இருந்தது. ஆகஸ்டில் வுட்ஸ்டாக். பல மணி நேரம் காத்திருந்து, குடித்து, ஊசி போட்டு, நள்ளிரவு தாண்டி மேடையேறினார். 1970இல் வெளியான வுட்ஸ்டாக் படத்தில் அவர் பாடும் காட்சி இல்லை. இறக்கம் என்று பெயர் வைக்கவேண்டுமென்றால் அந்த ஆண்டுக்கு வைக்கலாம்.

ஆனால் 1970 வேறு. ஆண்டுத் தொடக்கத்தில் பிரேசில் போனார், ஹெராயினை விட்டார். அங்கே சந்தித்த அமெரிக்கப் பயணி ஒருவரோடு கொஞ்சகாலம் சாதாரண மனுஷியாக வாழ்ந்து பார்த்தார். அது நீடிக்கவில்லை. அவர் உலகம் சுற்றப் போய்விட்டார், இவர் பாடத் திரும்பிவிட்டார். ஆனாலும் புதிதாக அமைந்த ஃபுல் டில்ட் பூகி குழு அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தமாதிரி இருந்தது. அந்தக் கோடையில் டொரோன்டோவிலிருந்து கேல்கரி வரை இசைக்கலைஞர்கள் ஒரே ரயிலில் குடித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் போனார்கள். அந்தக் காட்சிகளில் ஜேனிஸின் சிரிப்பைப் பாருங்கள். விழுந்துகொண்டிருக்கும் ஒருவரின் சிரிப்பாகவா தெரிகிறது?

பத்து ஆண்டு கழித்து அதே பள்ளி

1970 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹார்வர்ட் விளையாட்டரங்கில் பாடினார். அதுதான் அவருடைய கடைசி இசைநிகழ்ச்சி, அது யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து போர்ட் ஆர்தர் போனார். உயர்நிலைப்பள்ளி நண்பர்களின் பத்தாம் ஆண்டு ஒன்றுகூடல்.

போகப்போவதாகத் தொலைக்காட்சியிலேயே சொல்லியிருந்தார். தம்மைச் சிரித்தே ஊரைவிட்டுத் துரத்தியவர்கள் முன்னால் இப்போது போய் நிற்கவேண்டும் என்ற எண்ணம். தலையில் இறகுகள், வண்ணக் கண்ணாடி, கைநிறைய வளையல். செய்தியாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

அந்தப் பேட்டிக் காட்சி ஆவணப்படத்தில் இருக்கிறது. முதலில் துடுக்காகப் பதில் சொல்கிறார். பள்ளி நாள்களைப் பற்றிக் கேள்வி வருகிறது. பள்ளியில் எல்லாரிடமிருந்தும் நீங்கள் வேறுபட்டு இருந்தீர்களா என்கிற மாதிரி. குரல் இறங்குகிறது. சொற்கள் தடுமாறுகின்றன. பள்ளி நடன விருந்துக்கு யாராவது அழைத்தார்களா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறார், சிரித்துச் சமாளித்துக்கொண்டே. உலகமே கொண்டாடும் பாடகி சில நொடிகளில் 17 வயதுப் பெண்ணாகச் சுருங்கிப்போவதைக் கேமரா அப்படியே பிடித்துவைத்திருக்கிறது.

ஒன்றுகூடலில் அவருக்கு ஒரு பரிசும் கொடுத்தார்கள். ஆக அதிகத் தூரத்திலிருந்து வந்தவர் என்பதற்காக ஒரு கார் டயர். நகைச்சுவைக்குத்தான். ஆனால் அவர் எதிர்பார்த்து வந்தது டயரை அல்ல.

கடைசி வாரங்கள்

செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் 'பேர்ல்' இசைத்தொகுப்புக்கான பதிவு தொடங்கியது. நண்பர்கள் அவருக்கு வைத்த செல்லப்பெயர்தான் பேர்ல். தயாரிப்பாளர் பால் ராத்சைல்டு அவருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்: எல்லா வரியையும் கத்த வேண்டாம், குரலைச் சேமித்தால் 50 வயதிலும் பாடலாம். ஜேனிஸும் அதைக் கேட்டுக்கொண்டார். 'மீ அண்ட் பாபி மெகீ' பாட்டைக் கேளுங்கள், வித்தியாசம் தெரியும். கதை சொல்வதுபோல ஆரம்பித்து, கடைசியில்தான் கட்டவிழ்த்து விடுகிறார். முன்பு இருந்த சக்தி அப்படியே இருக்கிறது. புதிதாக நிதானமும் வந்திருக்கிறது. ஒரு பாடகி சரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு இந்தப் பதிவில் எந்த அடையாளமும் இல்லை. சரிந்தது வேறு ஒன்று.

ஸ்டூடியோவில் வேலை முடிந்தால் விடுதி அறை. தனிமை. செப்டம்பர் 18ஆம் தேதி லண்டனில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இறந்த செய்தி வந்தது. அந்தச் சில வாரங்களில் ஜேனிஸ் மறுபடியும் ஹெராயினைத் தொட்டிருந்தார்.

கொஞ்சம் நின்று இதைக் கவனியுங்கள். ஹெராயினைத் தொடர்ந்து பயன்படுத்துபவரின் உடல் அதற்குப் பழகி, அதிக அளவையும் தாங்கிக்கொள்ளும். சில மாதம் விட்டுவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவு மனதில் இருக்கும், உடலில் இருக்காது. மதுவும் சேர்ந்தால் மூச்சு இன்னும் மெதுவாகும். விட்டுவிட்டுத் திரும்புபவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். போதாக்குறைக்கு, அந்த வார இறுதியில் ஜேனிஸுக்குக் கிடைத்த சரக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு வீரியமானது என்றும் தகவல்கள் வந்தன.

27 என்ற எண்ணில் ஒரு சாபமும் இல்லை, மர்மமும் இல்லை. இதை ஏதோ விதிபோல, ஏறக்குறைய ஒரு கௌரவப் பட்டியல்போலப் பகிரும் பதிவுகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. 27 வயது ஆனபோது ஜேனிஸ் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், பிறந்தநாள் வந்துபோனதே தெரியவில்லை என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தார். அதே காலத்துக் கடிதத்தில் லட்சியத்தைப் பற்றியும் யோசிக்கிறார். திறமை பலருக்கு இருக்கிறது, அதற்குமேல் ஒருவரை நகர்த்துவது எது? பணத்தாசை இல்லை, நேசிக்கப்படவேண்டும் என்ற தேவையாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றுகிறது. அம்மா அப்பாவுக்கு எழுதுகிறார் இதை!

அக்டோபர் 1ஆம் தேதி 'மெர்சிடிஸ் பென்ஸ்' பாடலை வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் பாடிப் பதிவுசெய்தார். 3ஆம் தேதி, சனிக்கிழமை, இன்னொரு பாட்டுக்குக் குழு வாசித்து முடித்ததைக் கேட்டார். மறுநாள் வந்து பாடுவதாகப் பேச்சு.

4ஆம் தேதி வரவில்லை. பயண நிர்வாகி ஜான் பைர்ன் குக் விடுதிக்குப் போனார். வண்ண ஓவியங்கள் தீட்டிய ஜேனிஸின் போர்ஷா கார் வெளியே நின்றது. 105ஆம் எண் அறையில் அவர் இறந்துகிடந்தார்.

அஸ்தி பசிபிக் கடலில் கரைக்கப்பட்டது. நண்பர்கள் கூடிக் குடித்து மகிழ 2,500 டாலரை உயிலில் ஒதுக்கிவைத்திருந்தார். அந்த விருந்தும் நடந்தது. 1971 ஜனவரியில் 'பேர்ல்' வெளியாகி 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. மார்ச்சில் 'மீ அண்ட் பாபி மெகீ' தனிப்பாடல் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் ஜேனிஸ் பாடியதை முதன்முதலில் கேட்டதே அவர் இறந்த பிறகுதான்.

வீட்டுக்கு வந்த கடிதங்கள் பத்திரமாக இருந்தன. தங்கை லாரா 1992இல் அவற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதனால்தான் ஆவணப்படத்தில் அவற்றை இன்று நாம் கேட்கமுடிகிறது.

'பேர்ல்' தொகுப்பை நீங்கள் கேட்டால், ஐந்தாவதாக வரும் 'பரீட் அலைவ் இன் த புளூஸ்' பாட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இரண்டரை நிமிடம்தான். கிட்டார், பியானோ, ஆர்கன், டிரம்ஸ் எல்லாம் இருக்கும். அக்டோபர் 4ஆம் தேதி ஜேனிஸ் வந்து பாடவேண்டிய பாட்டு அது. குழுவினர் வேறு யாரையும் வைத்துப் பாடவைக்கவில்லை. குரல் இல்லாமலேயே தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள்.